அர்ச்சனைத் தட்டில் அண்ணன் பெயர்

கேரளத்தின் வண்டிப்பெரியாறு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருப்பு வரிசையான எங்கள் லயத்துக்கு எதிரே மேட்டில் இருக்கும் மாரியம்மன் கோயிலில், என் அம்மா வெள்ளிக்கிழமைதோறும் அர்ச்சனைத் தட்டை நீட்டிப் பெயர்களைச் சொல்லும்போது அண்ணன் பெயரைத்தான் முதலில் சொல்வார். அண்ணன் 2002இல் ஞானஸ்நானம் பெற்று, வேறு பெயர் வைத்துக்கொண்டு, இனி என் பெயரில் அர்ச்சனை செய்யாதீர்கள் என்று நேரில் கேட்டுக்கொண்ட பிறகும் அந்தப் பழக்கம் நிற்கவில்லை. பழைய பெயரையும் உத்திராட நட்சத்திரத்தையும் அம்மா சொல்லக் கேட்ட பூசாரி ஒருமுறை தயங்கி, "அவருதான் வேதத்துக்குப் போயிட்டாரேம்மா" என்றார். "அவன் போயிருக்கான். அவன் நட்சத்திரமும் போயிருச்சா?" என்று அம்மா கேட்டார். பூசாரி மறுபேச்சின்றி மணியை அடித்தார்.

பக்கத்தில் நின்ற எனக்கு அன்று அம்மாவின் மேல் கோபம் வந்தது. விலகிப் போனவனை எதற்குச் சுமக்க வேண்டும் என்று நினைத்தேன். அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு நான் செய்தவற்றில் சிலவற்றைத் திருத்திக்கொள்ள முடிந்தது, ஒன்றைத் திருத்த முடியவில்லை. வீட்டில் ஒருவர் மதத்தை விட்டு விலகும்போது மற்றவர்கள் என்ன செய்வது என்று தெரியாமல் திண்டாடும் குடும்பங்கள் எல்லையின் இரு பக்கமும் இருப்பதால் இதை எழுதுகிறேன்.

எங்கள் தாத்தாவை 1930களில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு கங்காணி மலைக்குக் கூட்டிவந்தார். நாங்கள் பட்டியல் சாதி. அப்பாவும் அம்மாவும் இதே தோட்டத்தில் வேலை பார்த்தார்கள். 2000ஆம் ஆண்டை ஒட்டித் தேயிலை விலை விழுந்து பீர்மேட்டுப் பக்கம் தோட்டங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது எங்கள் தோட்டமும் மூடியது. சம்பளப் பாக்கி, பி.எஃப்., கிராஜுவிட்டி எதுவும் கைக்கு வரவில்லை. அண்ணன் குமுளிப் பக்கம் ஏலக்காய்த் தோட்டங்களில் கூலி வேலைக்குப் போனான். குடித்தான். அவனுடைய மூன்று வயது மகளுக்குக் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஜெபக்கூட்டத்துக்காரர்கள் சிலர் இரண்டு இரவுகள் கூடவே உட்கார்ந்திருந்தார்கள். உறவினர்களான நாங்கள் ஒரு பகல் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தோம். சில மாதங்களில் அண்ணன் குடியை விட்டான், பிறகு ஞானஸ்நானம் எடுத்தான்.

லயத்து முற்றத்தில் நாலு பேர் கேட்க, "அரிசிக்கு மாறினவன்" என்று அவனைச் சொன்னேன். அந்த 2002 அக்டோபரில்தான் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைக்கு அவசரச் சட்டம் வந்திருந்தது. தமிழ்நாட்டுப் பக்கம் கம்பத்தில் இருந்த உறவினர்கள் அதை வைத்துக்கொண்டு போலீசில் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். அந்தச் சட்டம் பலவந்தம், ஏமாற்று, ஆசை காட்டுதல் ஆகியவற்றைப் பற்றியது என்பதும், அது மலைக்கு மேலே கேரளத்தில் செல்லாது என்பதும் எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. 2004இல் அதை அரசே விலக்கிக்கொண்டது. தெரியாத சட்டத்தின் பெயரைச் சொல்லி வீட்டு மனிதனை மிரட்டக் கூடாது என்பது நான் பிந்திக் கற்றது.

இந்த இடத்தில் எங்கள் தாய்மாமாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கம்பத்தில் இருந்த அவர் நாற்பது ஆண்டுகளாகக் கருப்புச் சட்டைக்காரர். ஐயர் இல்லாமல், தாலி இல்லாமல் கல்யாணம் செய்துகொண்டவர். சாமி இல்லை என்று மேடையிலும் சொல்வார், எங்கள் வீட்டுத் திண்ணையிலும் சொல்வார். கொடை நாளில் அம்மா கொடுக்கும் சர்க்கரைப் பொங்கலை வாங்கிச் சாப்பிடுவார். அவர் மதத்தை விட்டுவிட்டார் என்று ஒருவரும் சொன்னதில்லை. சட்டமும் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லுபடியாக்கிய 1967ஆம் ஆண்டுத் திருத்தம் இந்து திருமணச் சட்டத்துக்கு உள்ளேதான் இருக்கிறது, அது இரண்டு இந்துக்களுக்கு இடையிலான திருமணத்துக்கே பொருந்தும். பழைய தத்துவ மரபிலும், ஈசுவரனை ஏற்காத சாங்கியம், வேதங்களை ஏற்கும் ஆத்திக தரிசனங்களில் ஒன்றாகவே எண்ணப்பட்டது. ஆகவே சாமியே இல்லை என்ற மாமா உள்ளே இருந்தார், நாளுக்கு மூன்று வேளை மண்டியிட்ட அண்ணன் வெளியே போனவனாகிவிட்டான். நம்மில் பெரும்பாலோருக்கு விலகுதல் என்பது நம்பாமல் இருப்பதில் இல்லை. வேறொரு கூட்டத்தில் போய்ச் சேர்வதிலும், கொள்ளிக்கும் பந்திக்கும் வராமல் போவதிலும்தான் இருக்கிறது. நம் மதத்தில் சேர்க்கைப் பதிவேடு கிடையாது, பெயரை நீக்கத் தலைமைப் பீடமும் கிடையாது. நீக்கும் வேலையைச் சாதியும் சொந்தமும் செய்தன, செய்கின்றன.

அம்மாவுக்கு அப்பர் சுவாமிகள் கதை மனப்பாடம். சமணத்துக்குப் போய்த் தருமசேனராக இருந்த தம்பியைத் திலகவதியார் ஒரு சொல் திட்டவில்லை, திருவதிகைக் கோயிலில் விளக்கேற்றி வேண்டிக்கொண்டிருந்தார், சூலை நோய் வந்தபோது அவர் அக்காவைத்தான் தேடி வந்தார் என்று அம்மா சொல்வார். அதே கதையில், சமணத்தை விட்டு வந்த அப்பரை நீற்றறையில் போட்டது அவர் விட்டுவந்த பக்கத்தார் என்பதையும் சிறுவயதிலிருந்து கேட்டிருக்கிறேன். விலகியவனைத் தண்டிப்பவர்கள் கதையில் யாராக இருக்கிறார்கள் என்று தெரிந்தே வளர்ந்த நான், அண்ணனிடம் அதே வேலையைச் செய்தேன். அம்மாவின் வழியிலும் எனக்கு ஒரு குறை உண்டு. திலகவதியார்போலக் காத்திருப்பது திரும்பி வருவான் என்ற நிபந்தனையோடு காத்திருப்பதாகிவிடும். வராவிட்டாலும் அவன் பிள்ளைதான் என்று அம்மா மனதுக்குள் எப்போது முடிவு செய்தார் என்று எனக்குத் தெரியாது, ஆனால் கடைசி ஆண்டுகளில் அப்படித்தான் இருந்தார்.

அப்பாவின் பார்வை வேறு. அவர் அண்ணனைத் தடுக்கவும் இல்லை, ஆதரிக்கவும் இல்லை. மலைக்கு அந்தப் பக்கம், அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து மீனாட்சிபுரத்தில் 1981 பிப்ரவரியில் நம் மக்கள் நூற்றுக்கணக்கானோர் இஸ்லாத்தில் சேர்ந்ததை அப்பா அடிக்கடி நினைவுகூர்வார். "போனபெறகு டெல்லியிலிருந்தெல்லாம் வந்தாக. இருந்தப்ப வந்திருந்தா அவுக ஏன் போறாக?" என்பார். எங்கள் பூர்வீக ஊர்க் கொடையில் தேர் நம் தெருவுக்குள் வராது என்பது அப்பாவுக்கு எப்போதும் முள்ளாக இருந்தது. நாங்கள் வாழும் இந்த மலை திருவிதாங்கூர் மண். இங்கே சித்திரைத் திருநாள் மகாராஜா 1936 நவம்பர் 12 அன்று எல்லா இந்துக்களுக்கும் கோயில்களைத் திறந்துவிட்டதற்குப் பின்னாலும், இந்து மதத்தை விட்டே போய்விடலாமா என்று அதற்கு முந்தைய ஆண்டுகளில் ஈழவத் தலைவர்கள் வெளிப்படையாகப் பேசியது ஒரு காரணம். 1935இல்தான் அம்பேத்கர் இயோலாவில் இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்தார், 1956இல் நாகபுரியில் பௌத்தத்தைத் தழுவினார். விலகுவேன் என்ற சொல்லைத் துரோகமாக மட்டும் கேட்கப் பழகிய எனக்கு, அது பல காலம் ஒரு முறையீடாகவும் இருந்திருக்கிறது என்பது அப்பா இறந்த பிறகுதான் உறைத்தது.

அப்பா 2009 ஆடியில் இறந்தார். மூன்று நாளாக விடாத மழை. அண்ணன் சபைக்காரர்கள் நாலு பேரோடு வந்து லயத்தின் கடைசி வீட்டு வாசலில் நின்றான். தகப்பனுக்கு மூத்தவன், தாய்க்கு இளையவன் என்பது எங்கள் வழக்கம். ஊர்த் தலைவர் அவனைக் கூப்பிட்டுக் கேட்டார். "கொடம் எடுக்க மாட்டேன், மொட்டை போட மாட்டேன். அப்பாவைத் தூக்கத் தோளு குடுக்கிறேன்" என்றான். "வேதக்காரன் தோளு எங்கப்பாவுக்கு வேண்டாம்" என்று நான் சொன்னேன். கூட்டத்தில் ஒருவரும் என்னைத் தடுக்கவில்லை. நான் குடம் உடைத்தேன். அவன் குடையில்லாமல் கூட்டத்துக்குப் பின்னால் நடந்து வந்தான், இடுகாட்டு வாசலிலேயே நின்றுவிட்டான். அன்று மாலை அம்மாவைப் பார்க்க அவன் வந்தபோது அவன் நகக்கண்களில் செம்மண் ஏறியிருந்ததை அம்மா கவனித்திருக்கிறார். எல்லோரும் போன பிறகு திரும்பிப் போய் மூன்று கை மண் போட்டிருக்கிறான். இதை அம்மா எனக்குச் சொன்னது ஏழு ஆண்டுகள் கழித்து. நான் திருத்த முடியாத தவறு என்று சொன்னது இதுதான்.

மறு ஆண்டு நிலத் தகராறு. அப்பா சீட்டுப் பிடித்துக் கம்பத்துக்கு அருகே வாங்கிய 35 சென்ட் நிலத்தில் மதம் மாறியவனுக்குப் பங்கில்லை என்று சொல்லி, உத்தமபாளையத்தில் ஒரு வக்கீலிடம் போனேன். அவர் பொறுமையாக விளக்கியதை இங்கே தருகிறேன், ஏனென்றால் இதில் எல்லா ஊர்ப் பஞ்சாயத்துகளிலும் தவறாகவே பேசுகிறார்கள். மதம் மாறியதால் ஒருவர் தன் வாரிசுப் பங்கை இழப்பதில்லை. 1850ஆம் ஆண்டுச் சட்டமே அதைச் சொல்லிவிட்டது, 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டமும் மாறியவரின் பங்கைப் பறிக்கவில்லை. அப்பா உயில் எழுதாமல் இறந்ததால் அம்மாவுக்கும் எங்கள் இருவருக்கும் சம பங்கு. ஆனால் அந்தச் சட்டத்தின் 26ஆம் பிரிவில் ஒரு முடிச்சு இருக்கிறது. மாறிய பிறகு அவருக்குப் பிறக்கும் பிள்ளைகள், வாரிசுரிமை திறக்கும் நாளில் இந்துவாக இல்லாவிட்டால், இந்து உறவினர்களின் சொத்துக்கு வாரிசாக முடியாது. அண்ணனின் மகள் 1999இல், அவன் மாறுவதற்கு முன் பிறந்தவள். மகன் 2005இல் பிறந்தவன். அப்பாவுக்கு முன்பே அண்ணன் இறந்திருந்தால் ஒரே வீட்டில் அக்காவுக்கு உரிமை, தம்பிக்கு இல்லை என்றாகியிருக்கும். சொந்தச் சம்பாத்தியச் சொத்தை உயில் மூலம் யாருக்கும் கொடுக்கலாம், வாங்குபவரின் மதம் அதற்குத் தடையில்லை. மதம் கலந்த குடும்பத்தில் பெரியவர்கள் உயில் எழுதுவதைத் தள்ளிப்போடக் கூடாது. அதற்குப் பிறகு அம்மா தன் பங்குக்குப் பதிவு செய்த உயில் எழுதினார், பேரன் பெயரைச் சேர்த்து.

மதினி இன்றுவரை மாரியம்மனைக் கும்பிடுகிறவர். அண்ணன் மாறியவுடன் மதினியின் வீட்டார் விவாகரத்து வாங்கச் சொன்னார்கள். துணை வேறு மதத்துக்கு மாறிவிட்டதைக் காரணம் காட்டி, மாறாதவர் இந்து திருமணச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் விவாகரத்துக் கேட்கலாம். மாறியவர் அதே காரணத்தைச் சொல்லிக் கேட்க முடியாது, மாறியதால் மட்டும் திருமணம் தானாக முறிவதுமில்லை. மதினி, "குடிச்ச காலத்துல விடச் சொல்லாதவுக இப்ப ஏன் சொல்றீக?" என்று கேட்டதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இனி நான் எழுத விரும்பிய முக்கியமான நாளுக்கு வருகிறேன். 2016இல் அண்ணன் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தாள், கல்லூரிச் சேர்க்கைக்குச் சான்றிதழ்கள் வேண்டியிருந்தன. 1950 ஆகஸ்டில் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர், 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றும் அதில் இல்லை. கேரளத்தில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானோருக்குப் பிற்பட்டோர் பட்டியலில் தனி இடம் இருக்கிறது, ஆனால் அதன் அளவு சிறியது: அரசு வேலையில் 1 சதவீதம். அவள் பள்ளிப் பதிவில் இந்து என்றே இருந்தது. அதை அப்படியே வைத்துப் பட்டியல் சாதிச் சான்றிதழ் வாங்கிவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று சபைக்காரர்களிலேயே சிலர் சொல்லியிருக்கிறார்கள். தோட்டத்துத் தமிழர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: 1950க்கு முன்பே குடும்பம் கேரளத்தில் குடியேறியதைக் காட்ட வேண்டும். அதற்கான தாத்தாவின் பழைய செக்ரோல் (தோட்டத் தொழிலாளர் வருகைப் பதிவேடு) நகல் என் தகரப் பெட்டியில் இருந்தது.

அண்ணன் வாசலில் வந்து நின்றான். ஏழு ஆண்டுகளில் முதல் முறை. செக்ரோல் நகலைக் கேட்டான், எதற்கு என்று கேட்டேன். பழைய சாதியையும் குடியேறிய காலத்தையும் காட்டிக் கிறிஸ்தவர் என்றே சான்றிதழ் வாங்க வேண்டும் என்றான். "இந்துன்னே இருக்கட்டும்னு விட்டா புள்ளைக்குச் சீட்டு கிடைக்குமேண்ணே" என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன். "கும்பிடாத சாமியைக் கும்பிடுறேன்னு எழுதிக்குடுத்து எம்புள்ள படிக்க வேண்டாம் தம்பி. அது ஒங்க சாமிக்கும் மரியாதை இல்ல" என்றான்.

அரிசிக்கு மாறினவன் என்று முற்றத்தில் நான் சொன்னது அப்போது எனக்குக் காதில் கேட்டது. அரிசிக்கு மாறுகிறவன் கல்லூரிச் சீட்டை விட்டுக்கொடுப்பானா? பெட்டியைத் திறந்து காகிதத்தை எடுக்கும்போது என் கை நடுங்கியது. மதினிக்குச் சோறு கொடுத்தனுப்புகிற சாக்கில் அன்று அம்மாவும் உள்ளிருந்து வந்தார், அப்போதுதான் செம்மண் பற்றிச் சொன்னார்.

சான்றிதழ் விஷயத்தில் அண்ணன் எடுத்த முடிவு நேர்மைக்கு மட்டுமல்ல, பாதுகாப்புக்கும் நல்லது என்பதைப் பிறகு பார்த்தோம். எங்கள் பக்கத்துத் தேவிகுளம் தனித்தொகுதியில், வென்றவர் கிறிஸ்தவர் என்று சொல்லி அவருடைய வெற்றியை 2023இல் கேரள உயர்நீதிமன்றம் செல்லாதென்றது, 2025இல் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி அவர் வெற்றியை உறுதி செய்தது. புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண், கிறிஸ்தவ வழிபாட்டைக் கைவிடாமலே வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டதை 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம் நிராகரித்தது. திரும்பி வருகிறவர்களுக்கும் எளிதில்லை. 2015இல் ஒரு கேரள வழக்கில் உச்சநீதிமன்றம் மூன்றை நிரூபிக்கச் சொன்னது: முன்னோரின் சாதி, மூதாதையர் மதத்துக்கு உண்மையாகவே திரும்பியது, அந்தச் சமூகம் மீண்டும் ஏற்றுக்கொண்டது. மூன்றாவதைப் படித்தபோது, வாசல் யார் கையில் இருக்கிறது என்று நான் முன்பு சொன்னதைச் சட்டமே ஒப்புக்கொள்வதாகப்பட்டது. ஆகவே பள்ளிப் பதிவு, சாதிச் சான்று, ஆதார் எல்லாவற்றிலும் ஒரே உண்மை இருக்கும்படி, பிள்ளை பத்தாம் வகுப்பை எட்டும் முன்பே சரிசெய்துவிட வேண்டும், குடியேறிய காலத்துக்கான காகிதங்களைப் பங்காளிகள் எல்லோரும் நகல் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

2018இல் அம்மா படுத்தார். எங்கள் இருவரையும் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, "கொடம் எளையவன் ஒடைக்கட்டும், அது வழக்கந்தான். முன்னால வலத்தோளு மூத்தவன் குடுக்கணும். ரெண்டு பேரும் ஒண்ணா மண்ணு போடணும். அவுக ஆளுக லயத்துல ஒரு பாட்டுப் பாடிக்கிடட்டும், குழிக்கிட்ட வேண்டாம்" என்றார். அதை நோட்டில் எழுதி, தலைவரிடமும் அண்ணனின் பாஸ்டரிடமும் படித்துக்காட்டினேன். இருவருக்கும் முழுச் சம்மதம் இல்லை. தலைவர் பாட்டுக்கு முகம் சுளித்தார், பாஸ்டர் குடத்தோடு ஒரே வரிசையில் நடப்பதற்குத் தயங்கினார். ஆனால் நான்கு ஆண்டுகள் அவகாசம் இருந்ததால் பேசிப் பேசிப் பழகிவிட்டது. 2022இல் அம்மா இறந்தபோது ஒருவரும் குரல் உயர்த்தவில்லை. சாவு வீட்டில் வைத்து இதைப் பேச ஆரம்பித்தால் என் வாயிலிருந்து வந்ததுபோன்ற சொல்தான் வரும். உயிரோடு இருப்பவர் வாயால் முன்கூட்டியே சொல்லவைப்பது ஒன்றே வழி என்று நினைக்கிறேன்.

சாப்பாட்டு விஷயமும் அப்படித்தான். படைத்ததை அண்ணன் சாப்பிட மாட்டான், அதை அவமானமாக எடுத்துக்கொண்டு பல பொங்கல்களை வீணாக்கினோம். இப்போது தைப் பொங்கலன்று பானை பொங்கியதும், படைப்பதற்கு முன்பே ஒரு தூக்குவாளியில் தனியாக எடுத்து மூடி வைத்துவிடுகிறார் என் மனைவி. ஆடி அமாவாசைக்கு நான் சுருளிக்குப் போய் அப்பா அம்மாவுக்குத் தர்ப்பணம் செய்யும்போது அண்ணனும் பஸ்ஸில் கூட வருகிறான், அருவிக்குப் போகும் வழியில் மரத்தடியில் என் சட்டையையும் செருப்பையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

அம்மாவுக்குப் பிறகு வெள்ளிக்கிழமை அர்ச்சனைத் தட்டு என் கைக்கு வந்தது. முதல் வாரம் அவனிடமே கேட்டேன். "அண்ணே, ஒம்பேரைச் சொல்லட்டா?" நெடுநேரம் பேசாமல் இருந்தான். "அம்மா சொன்னா அது அம்மா. நீ சொல்ல வேண்டாம் தம்பி" என்றான். நான் சொல்வதில்லை. பூசாரி தட்டை வாங்கிக்கொண்டு நிமிர்ந்து பார்க்கும்போது, அம்மா முதலில் சொன்ன அந்தப் பெயரின் இடத்தில் ஒரு மூச்சளவு நிற்கிறேன். அவரும் காத்திருக்கிறார். பிறகு மதினியின் பெயரிலிருந்து தொடங்குகிறேன்.